ஒரு பக்கம் மட்டும் மாற்றிய வண்டி

ஷாக் அப்சர்பர் போன வண்டியும் ஓடும். அந்த ஒரே காரணத்துக்காக, அதை மாற்றச் சொல்கிற மேஸ்திரியை இந்த உலகத்தில் ஒருத்தரும் நம்புவதில்லை. பிரேக் போனால் நடுங்கிக்கொண்டு வருவார்கள். பேட்டரி போனால் நாலு பேரைக் கூட்டித் தள்ளிக்கொண்டு வருவார்கள். ஷாக் அப்சர்பர் போனால் மட்டும் "அதான் ஓடுதே, அப்பால பாத்துக்கலாம்" என்று கிளம்பிவிடுவார்கள். வலிக்காத பல்லைப் பிடுங்கச் சொல்கிற வைத்தியர், வெயில் காலத்தில் கூரையை மாற்றச் சொல்கிற கொத்தனார் என்று நீங்களும் நம்ம கூட்டமாக இருந்தால், என் வயிற்றெரிச்சல் சொல்லாமலே புரியும்.

அறுபதுகளின் கடைசியில் ராயபுரத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துத் தெருவில் எனக்கு ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் இருந்தது. வண்டிக்கு அடியில் படுத்துச் செய்கிற வேலை எல்லாம் என்னிடம் வரும். விஷயம் இவ்வளவுதான்: கமான் பட்டை, அதாவது வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டை, பாரத்தைத் தாங்கும். ஆனால் ஒரு குழியில் இறங்கி ஏறினால் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சர்பரின் வேலை. உள்ளே இருக்கும் எண்ணெய் போய்விட்டால் அடக்க ஆளில்லை. சக்கரம் ரோட்டில் பதியாமல் குதிக்கும். பிரேக் அடித்தால் நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்காது.

இதை நான் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு குடும்பத்தின் கதையைத்தான் இங்கே சொல்கிறேன், ஏனென்றால் அதில் என் தப்பும் இருக்கிறது.

முழங்கால் பரீட்சை

அருளப்பன் மீன் ஏலம் எடுக்கிறவர். அவர் மனைவி பிலோமினா. பிலோமினாவின் தம்பி சூசை. மாமனும் மச்சானும் பாதிப் பாதி போட்டு ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கியிருந்தார்கள். விடியற்காலையில் அருளப்பன் காசிமேட்டில் மீன் எடுப்பார். சூசை அதை ஐஸ் பெட்டியில் ஏற்றித் திருவொற்றியூர், எண்ணூர், மணலி என்று கொண்டுபோய்ப் போடுவான். இரண்டு வீட்டு அடுப்பும் அந்த ஒரு வண்டியில்தான் எரிந்தது.

ஒரு நாள் பிரேக் பார்க்க வந்தார்கள். பிரேக்கில் ஒன்றும் இல்லை. நான் வழக்கம்போல என் பரீட்சையை வைத்தேன். முன்பக்க பம்பரில் முழங்காலை ஊன்றி, உடம்புப் பாரம் முழுக்க இறக்கி அமுக்கி, சட்டென்று விட வேண்டும். நல்ல வண்டி ஒரு தரம் எழும்பி, இறங்கி, நின்றுவிடும். இவர்கள் வண்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று கும்பிடு போட்டுக்கொண்டே இருந்தது. "முன்னாடி ரெண்டும் போச்சு, மாத்திடுங்க" என்றேன். அருளப்பன் தன் கையாலேயே ஒரு தரம் அமுக்கி விட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் கவலைக்குப் பதில் பெருமைதான் வந்தது.

"தூளி மாரி சோக்கா ஆடிக்கினு கீது, இத்த போயி கெட்டுப் பூட்ச்சின்றியே மேஸ்திரி!"

பாரம் ஏற்றினால் சரியாகிவிடும்

வண்டி ஓட்டுகிற சூசைக்கு அது தூளி இல்லை என்று தெரியும். ஆனால் அவன் வேறு ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தான். மீனும் ஐஸும் ஏற்றிப் போகும்போது வண்டி அவ்வளவாகக் குதிப்பதில்லை. காலியாகத் திரும்பும்போதுதான் தலை கூரையில் இடிக்கும். ஆகவே திரும்பும் வழியில் மணலிப் பக்கம் ஷிப்ட் முடிந்து நிற்கிறவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பின்னால் ஏற்றிக்கொள்வான். தர்மத்துக்குத்தான். பஸ்ஸுக்கு நின்று கால் கடுத்தவர்கள் அவனை வாயார வாழ்த்திக்கொண்டு ஏறுவார்கள்.

அதில் விம்கோ நகரில் இறங்குகிற ஃபிட்டர் ஒருத்தர், நல்ல சரீரம். அவர் எங்கே உட்கார வேண்டும் என்று சூசை தினமும் இடம் காட்டுவான்: வலது பக்கம், டிரைவர் முதுகுக்கு நேர் பின்னால். அவர் அதை மரியாதை என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு தரம் சோதனை ஓட்டத்துக்கு அந்த வண்டியில் போனபோது, அவர் சும்மா சாய்வாக இருக்கட்டுமே என்று இடது பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். சூசை வண்டியை ஓரம் கட்டி, இறங்கி வந்து, அவரைக் கெஞ்சிக் கூத்தாடிப் பழைய இடத்துக்கே மாற்றினான். பாரம் ஏற்றினால் ஷாக் அப்சர்பர் பிழைக்காது, இன்னும் சீக்கிரம் சாகும் என்று நான் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. ஆனால் அந்த ஃபிட்டருக்கு அப்போதுதான் தன் மரியாதையின் ரகசியம் விளங்கியது.

"அப்போ நாளைக்கு நான் லீவு போட்டா உன் வண்டி பொரண்டுக்குமா நைனா?"

இடது பக்கம் உன்னுது, வலது பக்கம் என்னுது

ஷாக் அப்சர்பர் போன வண்டியின் டயர் சமமாகத் தேயாது. குதித்துக் குதித்து, அம்மைத் தழும்பு மாதிரி அங்கங்கே பள்ளம் விழும். அருளப்பன் அந்தப் பள்ளங்களைப் பார்த்துவிட்டு, மச்சான் கண்டபடி ஓட்டுகிறான் என்றார். மச்சான், மாமா வண்டிக்கு ஒரு நட்டுகூட வாங்கித் தருவதில்லை என்றான். வார்த்தை முற்றியது. முற்றியதில் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு, வண்டியை நடுவே பிளந்துகொண்டார்கள். இடது பக்கத்தில் எது கெட்டாலும் அருளப்பன் பொறுப்பு. வலது பக்கம், அதாவது ஸ்டியரிங் பக்கம், சூசை பொறுப்பு. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு "இன்ஜின் யாருது?" என்று கேட்டேன். "அது நடுவுல கீது, பொது" என்றார் அருளப்பன், மிகவும் நியாயமாக.

இப்படி ஒரு பங்காளித் தகராறை நான் எந்த நிலபுலத்திலும் கேள்விப்பட்டதில்லை. அந்தச் சமயம் பார்த்து இடது ஷாக் அப்சர்பரில் எண்ணெய் கசிந்து கோடு இறங்கியது. அருளப்பன் ரோஷக்காரர். மறுநாளே புதிதாக ஒன்று, ஒன்றே ஒன்று, வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார். ஷாக் அப்சர்பர் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் இறுக்கமாகவும் ஒரு பக்கம் தொளதொளப்பாகவும் இருந்தால், அவசரமாக நிறுத்தும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். வலது பக்கத்தையும் கழற்றிப் பார்த்துவிடலாம் என்று நான் ஸ்பேனரை எடுத்தேன். சூசை குறுக்கே வந்து நின்றான். அவன் பக்கம் துடைத்து வைத்தது போல் சுத்தமாகத்தான் இருந்தது. அதன் எண்ணெய் எப்போதோ ஒழுகித் தீர்ந்து, மேலே மண் படிந்து, அந்த மண்ணும் உதிர்ந்துபோய்விட்டது என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

நான் அன்றைக்கு இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்க வேண்டும். ஜோடியாக இல்லாவிட்டால் என் கடையில் பூட்ட மாட்டேன் என்று திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். நல்ல வெயில், பசி வேறு. இரண்டு பேருமாகச் சேர்ந்து பட்டுத் தெளியட்டும் என்று ஓர் எரிச்சலில் ஒரு பக்கம் மட்டும் பூட்டிக் கொடுத்தேன். சூசை தன் பக்கத்து ஷாக் அப்சர்பரைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்தான்.

"என் பக்கம் ஒரு சொட்டு ஒயுகுதா காட்டு மேஸ்திரி, இப்பவே கயட்டிக் குட்த்துடறேன்!"

எண்ணூர் ரோட்டில்

மழை விட்ட மறுவாரம். எண்ணூர் ரோடு அப்போது பாதி ரோடு, பாதி குட்டை. எதிரே லாரி, நடுவே ஓர் எருமை. சூசை பிரேக்கை மிதித்திருக்கிறான். வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு வலது பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. சைக்கிளில் வந்த ஒரு மனிதர் மயிரிழையில் பிழைத்தார். ஐஸ் பெட்டிகள் கவிழ்ந்து சங்கரா மீனும் வவ்வால் மீனும் ரோடெல்லாம் சிதறின. ஸ்டியரிங் சுழன்று அடித்ததில் சூசையின் வலது மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுத் தூளி கட்டித் தொங்கவிட்டார்கள்.

அருளப்பன் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்: வண்டியை விற்று ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வது. மாத்தூரிலிருந்து ஒருத்தர் வந்து பார்த்து, தெருத் திருவிழா முடிந்த மறுநாள் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டும் போனார். பாதி வண்டிப் பணத்தில் எவரும் ஒரு வண்டி வாங்க முடியாது. வண்டி இல்லாத சூசைக்கு வேறு தொழில் தெரியாது. சொந்த வண்டி இல்லாத அருளப்பனுக்கு, எடுத்த மீனை வெயில் ஏறுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வழி கிடையாது. இது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் யார் முதலில் வாயைத் திறப்பது?

பிலோமினா என் கடைப்பக்கம் வந்ததே இல்லை. அன்று வந்தார். புருஷனுக்கும் தம்பிக்கும் நடுவே நின்று நின்று முகம் வற்றிப்போயிருந்தது. திருவிழாவுக்குள் இரண்டு பேரும் பேசிவிட வேண்டும், வண்டி வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று தெருமுனையில் குகை மாதிரி கட்டிய மாதா கெபியில் தினமும் மெழுகுத்திரி ஏற்றுவதாகச் சொன்னார். என் மேல் தப்பு இருக்கிறது என்று நானே ஆரம்பித்தேன். ஜோடியாகத்தான் மாற்றியிருக்க வேண்டும், கோபத்தில் விட்டுவிட்டேன் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அவங்க ரெண்டு பேருக்கும்தான் கண்ணு ஒரு பக்கம் தெரியல, உனுக்குமா மேஸ்திரி?"

பவனி

தெருத் திருவிழாவில் மாதா சுரூபத்தை வைத்துப் பவனி போவது வருஷா வருஷம் அந்தப் பிக்கப்பில்தான். முதல் நாளே சோப்புப் போட்டு, பினாயில் ஊற்றிக் கழுவுவார்கள். மல்லிகைச் சரம் சுற்றினாலும் மீன் வாசனை முழுக்கப் போகாது. யாரும் அதைப் பெரிதுபடுத்த மாட்டார்கள், தெருவில் முக்கால்வாசிப் பேர் மீனால் சாப்பிடுகிறவர்கள். அந்த வருஷம் சூசை கை தொங்குகிறது. லைசென்ஸைப் பெட்டியில் பூட்டி வைத்துப் பல வருஷமான அருளப்பன் வேறு வழியில்லாமல் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். வண்டி இரண்டடி போய்த் துள்ளி நின்றது. மறுபடி துள்ளி நின்றது. மேலே மாதா ஆடுகிறார், ஜனங்கள் "ஐயோ" என்கிறார்கள். கூட்டத்தோடு நடந்துகொண்டிருந்த சூசைக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. டிரைவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "கிளட்ச மெதுவா உடு மாமா, மெதுவா" என்றான். அத்தனை நாளைக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு. அங்கிருந்து வழி நெடுக அவன் சொல்லச் சொல்ல அவர் ஓட்டினார்.

அருளப்பன் வீட்டுக்கு எதிரே குழாயடியில் தோண்டி மூடாத பள்ளம் ஒன்று உண்டு. சாயங்கால வெளிச்சத்தில் பிலோமினா மெழுகுத்திரியோடு வாசலில் நிற்கிறார். வீடு வண்டிக்கு வலது பக்கம். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறியது. இடது பக்கம் புது ஷாக் அப்சர்பர் கெட்டியாக நின்றது. வலது பக்கம் அடக்க ஆளில்லாமல் தாழ்ந்து எழும்பியது. மேலே இருந்த மாதா, நேராக பிலோமினாவைப் பார்த்து, வலது பக்கமாகத் தலை குனிந்து நிமிர்ந்தார். மறுபடி குனிந்து நிமிர்ந்தார். மறுபடியும். தொழில் புத்தி பாருங்கள், என் வாய் தன்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறது! ஏதோ சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். மெழுகு கையில் சொட்டுவதுகூடத் தெரியாமல் அழுதுகொண்டிருந்த பிலோமினாவைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். அவர் கூட்டத்தைப் பார்த்துக் கூவினார்.

"பாத்தீங்களா, மூணு தபா தலையாட்னா! சரின்னு சொல்லிட்டா!"

உள்ளே ஒன்றும் இல்லை

மறுநாள் காலை நான் கதவைத் திறக்கும்போதே வண்டி வாசலில் நின்றது. அருளப்பன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நாலு தெரு, அதுவும் நடக்கிற வேகத்தில் ஓட்டியதற்கே இரவெல்லாம் புரண்டு படுக்க முடியவில்லையாம். "இவன் தெனம் எண்ணூர் போயி வந்துகினு இருந்தானே மேஸ்திரி, வாய தொறந்து ஒரு வார்த்த சொல்லலியே" என்று என்னிடம் சொல்கிற சாக்கில் மச்சானிடம் சொன்னார். சூசை சொல்லாமலா இருந்தான்? சொன்னான், சண்டையாகச் சொன்னான். அதை நான் எடுத்துக் கொடுக்கவில்லை. ஆறிக்கொண்டிருக்கிற புண்ணைச் சொறிவது என் வேலை இல்லை.

வலது பக்கத்தைக் கழற்றினேன். நல்ல ஷாக் அப்சர்பரை இழுத்தால் முக்கிக்கொண்டுதான் வரும், அமுக்கினால் எதிர்த்துக்கொண்டுதான் போகும். இதைச் சூசையின் நல்ல கையில் கொடுத்தேன். ஒரே விரலில் இழுத்தான், வந்தது. விட்டான், தொப்பென்று விழுந்தது. கவிழ்த்துப் பார்த்தான், கொஞ்சம் துரு கொட்டியது. எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. அதைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். அருளப்பன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் டீயில் பாதியை அவனுக்கு ஊற்றிக் கொடுத்தார். மாத்தூர்க்காரர் வந்தபோது, வண்டி விற்பனைக்கு இல்லை என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொல்லி அவரை அனுப்பிவைத்தார்கள். சூசை மட்டும் என்னிடம் மெதுவாகக் கேட்டான்.

"உள்ள ஒண்ணியும் இல்லாததாலதான் வெளிய ஒயுகலயா மேஸ்திரி?"

மறு வருஷம்

அந்த வண்டிக்கு முன்னும் பின்னுமாக நாலும் புதிதாகப் பூட்டினேன். வண்டி வீட்டோடு நின்றது. மாமனும் மச்சானும் மறுபடி எத்தனையோ விஷயத்துக்குச் சண்டை போட்டார்கள், ஆனால் பேச்சை நிறுத்தாமல் போட்டார்கள். எனக்குத்தான் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. மறு வருஷத் திருவிழா வந்தது. சூசை ஓட்ட, அதே குழாயடி, அதே மூடாத பள்ளம். வண்டி இறங்கியது, ஏறியது, அடங்கியது. மாதா கல் போல் நேராக நின்றார். இந்தத் தடவையும் தலையாட்டுவார் என்று அந்த இடத்தில் முண்டியடித்துக்கொண்டிருந்த ஜனங்கள், "இன்னா இது, இந்த வருஷம் அசையவே இல்லியே, நம்ம மேல கோவமா?" என்று முணுமுணுத்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு தெருவுடைய நம்பிக்கையை நாலு போல்ட்டைப் போட்டு முறுக்கிவிட்டோமே என்று இருந்தது. பவனி கலைந்ததும் பிலோமினா வீட்டுக்குப் போய், போன வருஷம் வண்டி அப்படி ஆடியதற்கு என்ன காரணம் என்று தலையைச் சொறிந்துகொண்டே சொல்ல ஆரம்பித்தேன். உள்ளே அருளப்பனும் சூசையும் எதற்கோ சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா என்னை முழுசாகச் சொல்ல விடவில்லை.

"சாக்கப்சரு பூட்ச்சி, அதான் ஆட்ச்சி, எனுக்கு அன்னிக்கே தெரியும் மேஸ்திரி. மீன் வண்டி ஏறி வந்தவ மீன் வண்டிய வெச்சித்தான் தலையாட்டுவா. கேட்டத குட்த்தாளா இல்லியா, அத்த சொல்லு!"

இன்றைக்கும் யாராவது ஷாக் அப்சர்பரை எப்போது மாற்ற வேண்டும் என்று கேட்டால், வண்டிச் சொந்தக்காரரை ஒரே ஒரு நாள் டிரைவர் சீட்டில் உட்கார வையுங்கள், அவரே நாள் குறித்துவிடுவார் என்றுதான் சொல்கிறேன்.